இறக்கியபின் மீண்டும் ஏற மறுக்கும் கெர்னல் மாட்யூல்: எங்கே தேடுவது?

ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காப்பித் தோட்டத்தில் மழைமானி ஒன்று இருக்கிறது. அதற்குள் உள்ள சிறு வாளி 0.2 மி.மீ. மழை சேர்ந்ததும் கவிழும்; கவிழும்போது அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சை ஒரு கணம் மூடித் திறக்கும். அந்தத் துடிப்பை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் ஜிபிஐஓ பின் (வெளிக் கருவிகளை இணைக்கும் முனை) ஒன்றில் வாங்கி எண்ணுவதற்காக நானே ஒரு கெர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய சிறு நிரல், எழுதினேன். முதல் முறை ஏற்றியபோது ஒழுங்காக எண்ணியது. ஆர்எம்மாட் கொடுத்து இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற இன்ஸ்மாட் கொடுத்தால் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்றது. ரீபூட் செய்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கருவி தொங்கிவிட்டால், சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போய்த்தான் மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டும்.

மாட்யூலைத் தொகுக்கவும் ஏற்றவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளையும் செயற்கூறுகளையும் வாயால் சொல்லும் வழக்கப்படியே எழுதியுள்ளேன்; ஃப்ரீ ஐஆர்க்யூ போன்ற பெயர்களைத் தட்டச்சிடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இடுங்கள்.

முதல் வேலையாக இரண்டாவது டெர்மினல் ஒன்றைத் திறந்து, கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையைத் தொடர்ந்து பார்க்கும் வகையில் ஓடவிடுங்கள். இன்ஸ்மாட் சொல்லும் ஒற்றை வரியை நம்பிப் பயனில்லை. அதே பிழை எண் பத்து இடங்களிலிருந்து வரலாம். எந்த இடம் என்பதைக் கெர்னல் பதிவுதான் காட்டும். பிழை எண் 16 என்றால் ஏதோ ஒரு வளம் இன்னும் பிடிபட்டிருக்கிறது என்று பொருள். 17 என்றால் அதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மாட்யூலே இறங்காமல் இருந்தாலும் 17தான் வரும் என்பதால் ஏறியுள்ள மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

என் பதிவில் ‘ஃப்ளாக்ஸ் மிஸ்மேட்ச் ஐஆர்க்யூ’ என்ற வரி இருந்தது (ஐஆர்க்யூ என்பது இன்டரப்ட், அதாவது ஏதோ நடந்தது என்று வன்பொருள் கெர்னலுக்குத் தரும் அழைப்பு). ஏற்றும்போது வந்த அந்த வரியையே பிடித்துக்கொண்டு இரண்டு மாலைப் பொழுதுகளை வீணாக்கினேன். நான் பார்த்திருக்க வேண்டியது அதற்குச் சற்று மேலே, இறக்கும்போது பதிவான எச்சரிக்கையை: ‘ட்ரையிங் டு ஃப்ரீ ஆல்ரெடி ஃப்ரீ ஐஆர்க்யூ’. ஏற்கெனவே விடுவிக்கப்பட்டதைத்தானே மறுபடி விடுவிக்கிறோம், அதனால் கெடுதல் என்ன என்று எண்ணி அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அந்த எச்சரிக்கைக்குப் பொருள் வேறு. இன்டரப்டைக் கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூவை அழைக்கும்போது கடைசியாக ஒரு பாயின்டரை (நினைவக முகவரியை)த் தருகிறோம் அல்லவா, அதை வைத்துத்தான் கெர்னல் பின்னால் நம்மை அடையாளம் காண்கிறது. நான் கேட்கும்போது என் கட்டமைப்பின் முகவரியைக் கொடுத்திருந்தேன். விடுவிக்கும்போது, ஒரு மாதிரி நிரலிலிருந்து எடுத்தொட்டிய வரியில் ‘நல்’ (வெற்றுப் பாயின்டர்) என்றே விட்டிருந்தேன். அப்படியொரு பதிவு இல்லையென்று கெர்னல் எச்சரித்துவிட்டுத் திரும்பிவிட்டது. மாட்யூல் நினைவகத்திலிருந்து போனது. இன்டரப்ட் மட்டும் போன வீட்டின் முகவரியைச் சுட்டியபடியே நின்றது. அந்த நிலையில் ஒரு சிறு காந்தத்தை ரீட் சுவிட்சின் அருகே கொண்டுபோனேன். அப்போது அங்கே இல்லாத நிரலுக்குள் கெர்னல் தாவி அப்படியே உறைந்துவிட்டது.

இதைச் சோதிக்கப் பலரும் கெர்னலின் நிலையைக் காட்டும் ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறக்கச் சொல்வார்கள். மாட்யூல் ஏறியிருக்கும்வரை அது சரி. இறக்கியபின் திறக்காதீர்கள்; அந்தக் கோப்பு காட்டும் டிரைவர் பெயரும் அழிந்துபோன மாட்யூலின் நினைவகத்தில்தான் இருந்தது, ஆகவே படிப்பதே ஊப்ஸில் (கெர்னலுக்குள் நேரும் பிழையில்) முடியலாம். அதற்குப் பதிலாக, ப்ராக் அடைவுக்குள் ஐஆர்க்யூ என்ற அடைவில் உங்கள் ஐஆர்க்யூ எண்ணுக்குரிய பகுதியை எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். அங்குள்ள துணை அடைவின் பெயர் தனியே நகலெடுக்கப்பட்டது என்பதால் பார்ப்பதில் ஆபத்தில்லை. இறக்கிய பிறகும் உங்கள் டிரைவரின் பெயர் அங்கே இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஆனால் நிரலைத் திருத்திய பிறகும் ஒருமுறை ரீபூட் செய்தே ஆக வேண்டும், ஏனெனில் தங்கிப்போனதை அகற்ற வேறு வழியில்லை.

திருத்தும்போது வரிசையிலும் கவனம் தேவை. முதலில் அதே பாயின்டருடன் ஃப்ரீ ஐஆர்க்யூ, அடுத்து நிலுவையிலுள்ள வேலையை ரத்து செய்யும் கேன்சல் வொர்க் சிங்க், கடைசியில்தான் நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ. முதலிரண்டையும் மாற்றிப் போட்டால், நீங்கள் ரத்து செய்த வேலையை இடையில் வரும் ஒரு துடிப்பு மறுபடி வரிசையில் சேர்த்துவிடும். டெவ்எம் என்று தொடங்கும் செயற்கூறுகள் இந்தத் தொல்லைகளில் பலவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளும். பிளாட்ஃபார்ம் டிரைவராக எழுதுபவர்கள் அவற்றையே பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. என்னுடையதைப் போன்ற வெறும் இனிட் (ஏற்றும்போது ஓடுவது), எக்சிட் (இறக்கும்போது ஓடுவது) மாட்யூலில் கட்டிவைக்க டிவைஸ் இல்லாததால் அவை உதவா.

சரிசெய்தபின் ஏற்றுவதும் இறக்குவதுமாக ஐம்பது முறை ஷெல் சுழற்சியில் ஓடவிட்டு, நடுநடுவே காந்தத்தை அசைத்துப் பார்த்தேன். மலைக்குக் கொண்டுபோகும் முன் கெர்னல் டாட் பேனிக் என்ற சிஸ்சிடிஎல் அமைப்பில் 10 என்று இட்டேன். பேனிக் ஆனால், அதாவது மீள முடியாத பிழையில் கெர்னல் நின்றுபோனால், பத்து விநாடியில் கருவி தானே ரீபூட் ஆகும்.

பின்சேர்க்கை: எக்சிட் செயற்கூறு சரியாக இருந்தும் பிஸி வருகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய இனிட் முதல் முறையே பாதியில் தோற்றிருந்தது. இனிட் பிழையுடன் திரும்பினால் எக்சிட்டைக் கெர்னல் அழைக்காது. அதுவரை வாங்கியவற்றை இனிட்டுக்குள்ளேயே கோட்டூ வைத்துத் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். இன்னொருவர் திருத்திய பிறகும் பழைய பிழையே வருகிறது என்றார். அவர் மோட்ப்ரோப் பயன்படுத்தியிருந்தார். அது லிப் மாட்யூல்ஸ் அடைவில் நிறுவியிருந்த பழைய கோப்பையே ஏற்றிக்கொண்டிருந்தது. எழுதிப் பழகும் காலத்தில் இன்ஸ்மாட் போதும்.