குளிரில் ஈரத்தலையை வாராதீர்கள்

குன்னூர்ப் பக்கம் மார்கழியில் தலைக்குக் குளித்தால் முடி லேசில் காயாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஈரத்தலையில் சீப்பை இழுக்காதீர்கள். முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகளைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டதும் விட்டுப்போகும். கந்தகப் பிணைப்புகள் தாங்கும். அதனால்தான் ஈரமுடி ரப்பர் மாதிரி நீண்டு, இழுத்தால் அறுந்துவிடுகிறது. துண்டால் ஒற்றியெடுத்து, முக்கால்வாசி காய்ந்ததும், பெரிய பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போய்ச் சிக்கெடுங்கள்.

குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவது ரொம்ப நல்லது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே புகுந்து புரத இழப்பைக் குறைக்கும். நம் மலையில் எண்ணெய் உறைந்தே கிடக்கும் (சுமார் 24 டிகிரிக்குக் கீழே அப்படித்தான்). பாட்டிலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், அடுப்பில் காட்ட வேண்டாம்.