எல்லையோர ஊரிலிருந்து முதல் செய்தி: இதழியல் முதலாண்டு மாணவருக்கு

இதழியல் டிகிரியில் சேர்ந்ததும் "உங்க ஊரிலிருந்து ஒரு செய்தி எழுதி வாங்க" என்பார்கள். கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் இங்கேதான் முழிப்பார்கள். வீட்டில் தமிழ், அரசாங்கக் காகிதம் மலையாளம், பாடப்புத்தகம் ஆங்கிலம். நானும் முழித்தவன்தான். கேரளத்தில் 2024 முதல் டிகிரி நான்கு வருஷம், மூன்றில் முடித்துக்கொண்டும் கிளம்பலாம். அதற்குள் மெதுவாகப் பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், முதல் செய்தியை முதல் மாதமே எழுதிவிடுங்கள்.

முதலில் விஷயத்தைச் சின்னதாக்குங்கள். "பாலக்காட்டு விவசாயிகளின் பிரச்சினைகள்" என்பது கட்டுரைப் போட்டித் தலைப்பு. "தமிழ்நாட்டின் ஆழியாறு அணையிலிருந்து விட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலின் கடைமடைக்கு வந்ததா?" என்பது செய்தி. ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட முடிகிற கேள்வியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து, ஸ்பாட்டுக்குப் போங்கள். போனில் முடிக்காதீர்கள். நான் போனபோது வரப்பில் இருந்த பெரியவரிடம், "தண்ணி எப்பங்க விட்டாங்க?" என்று கேட்டேன். "விட்டு நாலு நாளாச்சு கண்ணு. மேல இருக்கிறவனுக்கு வந்துச்சு, எனக்கு வரல" என்றார். அவர் பேசியதை அவர் பேசியபடியே குறித்துக்கொண்டேன். பெயர், ஊர், எத்தனை ஏக்கர் என்பதையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும். திரும்பி வந்து கேட்கலாம் என்று நினைத்தால் அவர் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருப்பார்.

இப்போது எண்கள். இதில்தான் அதிக நேரம் போகும், போகட்டும். தமிழ்நாடும் கேரளமும் ஆற்றுத் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்த தேதி மட்டும் 1958 நவம்பர் என்று பின்னோக்கிக் கணக்கிடப்பட்டது. அதன்படி சித்தூர்ப் புழை என்ற ஆற்றுக்காக, எல்லையருகே உள்ள மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். அணையில் எவ்வளவு திறந்தார்கள் என்பதும் மணக்கடவில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்பதும் வேறு வேறு எண்கள். தமிழ்நாட்டு அதிகாரி முதலாவதைச் சொல்வார், கேரள அதிகாரி இரண்டாவதைச் சொல்வார். இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள், நாம்தான் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு ஓடி வருகிறோம்.

டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஒரு கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. சரி, வினாடிக்கு 300 கன அடி வீதம் பத்து நாள் விட்டதாக வைத்துக்கொண்டால்? ஏறக்குறைய 26 கோடி கன அடி, அதாவது 0.26 டிஎம்சி. 7.25 டிஎம்சியை ஆண்டு முழுக்கச் சமமாகப் பங்கிட்டால் வினாடிக்குச் சுமார் 230 கன அடி வரும். இந்தக் கணக்கை நோட்டின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டால், யாராவது "தினம் ஐந்து டிஎம்சி விடுறாங்க" என்று அடித்துவிடும்போது சிரிப்பு வரும். அதைச் செய்தியிலும் போட மாட்டீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிப் பழைய ஆண்டுகளின் கணக்கைக் கேட்கலாம். பதில் வர முப்பது நாள் ஆகலாம், எனவே அது அடுத்த செய்திக்கு.

அப்புறம், மொழி. எங்கள் வகுப்புப் பத்திரிகைக்கு நான் எழுதிய முதல் தலைப்பு "சித்தூர்ப் புழையில் வெள்ளம்". மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், எங்கள் வீட்டிலும் "குடிக்க வெள்ளம் கொடு" என்போம். கையில் இருந்த மலையாளச் செய்திக்குறிப்பும் வெள்ளம் திறந்துவிட்டதாகத்தான் சொன்னது. கோயம்புத்தூரில் இருக்கும் என் அத்தை அதைப் படித்துவிட்டு, ஆறு பெருகிவிட்டதோ என்று பதறிப்போய் போன் செய்தார். மலையாளத்தில் அதற்கு வெள்ளப்பொக்கம் என்ற தனிச் சொல் இருக்கிறது. இதேபோல மலையாளக் காகிதத்தில் "வகுப்பு" என்று வந்தால் அது துறை. ஜலசேசன வகுப்பு என்றால் நீர்ப்பாசனத் துறை, டியூஷன் இல்லை. படிக்கும்போது பழக்கமாகத் தெரிகிற சொல்லைத்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டும்.

இனி எழுதலாம். லீடில், அதாவது செய்தியின் முதல் வரியில், "விவசாயம் நம் நாட்டின் முதுகெலும்பு" என்று ஆரம்பித்தால் ஆசிரியர் அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார். இப்படி எழுதிப் பாருங்கள் (பயிற்சிக்காக நான் இட்டுக்கட்டியது):

"ஆழியாறு அணையிலிருந்து திறந்த தண்ணீர் நான்கு நாளாகியும் சித்தூர் அருகே உள்ள கடைமடை வயல்களுக்கு வந்து சேரவில்லை என்று விவசாயிகள் கூறுகின்றனர்."

என்ன, எங்கே, எத்தனை நாள், சொன்னது யார், எல்லாம் வந்துவிட்டது. இரண்டாவது பத்தியில் பெரியவரின் பேச்சு, மூன்றாவதில் இரண்டு மாநில அதிகாரிகளின் எண்கள், கடைசியில் 1970 ஒப்பந்தம். பக்கத்தில் இடம் இல்லாவிட்டால் செய்தியைத் திருத்தும் டெஸ்கில் கீழிருந்துதான் வெட்டுவார்கள். ஒப்பந்தம் போனாலும் செய்தி நிற்கும்.

ஒரு அதிகாரி போனை எடுக்கவில்லையா? எத்தனை மணிக்கு, எத்தனை முறை கூப்பிட்டீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். செய்தியில் "தொடர்புகொள்ள முடியவில்லை" என்று ஒரு வரி போதும். தலைப்பைக் கடைசியில் வையுங்கள். வைத்த பிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர் அத்தைக்குப் படித்துக் காட்டுங்கள்.