கம்பம், குமுளியிலிருந்து கனடாவுக்கு: பனிவண்டியில் விறகு இழுக்கப் போகிறவர்களுக்கு

கம்பம், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் காடு புதிதாக இருக்காது. ஏலத்தோட்டத்தில் நிழல் மரம் கழிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், கம்பம்மெட்டு ஏற்றத்தில் ஆள் நிறைந்த ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனவர்கள். புதிது பனிதான். மூணாறில் ஜனவரியில் புல்மேல் வெள்ளையாகப் படிகிறதே, அது வெயில் ஏறினால் போய்விடும். அங்கே விழுவது மாசக்கணக்கில் கிடக்கும், முழங்காலைத் தாண்டி ஏறும். அதற்குள்ளிருந்து விறகை வெளியே கொண்டுவரச் சின்னப் பனிவண்டிதான் கைகொடுக்கும். ஊருக்கு வரும்போதெல்லாம் கிளம்பப் போகிறவர்கள் இதையே கேட்பதால் எழுதிவைக்கிறேன்.

முன்னால் இரண்டு ஸ்கீ என்கிற சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றும் ரப்பர் பட்டை, அதாவது டிராக், நடுவில் இஞ்சின். அவ்வளவுதான் வண்டி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் ஊர்க்காரர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே இந்த வகையில் பெரிய பெயர். 1934 குளிர்காலத்தில் வழியெல்லாம் பனி மூடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் தன் சின்ன மகனைப் பறிகொடுத்தவர். ஒருவர் இருவர் ஓட்டும் அவருடைய ஸ்கி-டூ 1959-ல் விற்பனைக்கு வந்தது.

வாங்கும்போது சீறிப்பாயும் வண்டியைப் பார்த்து மயங்க வேண்டாம். வேலைக்கு வேண்டியது அகலமும் நீளமுமான டிராக். ஊர் சுற்றும் வண்டிக்கு 15 அங்குல அகலம் இருக்கும். பாரம் இழுக்கிற வண்டிக்கு 20, 24 அங்குலம். அகலம் கூடினால் எடை பரவும், வண்டி புதையாது. பழைய சின்ன வண்டிகள் பலவும் டூ ஸ்ட்ரோக். அந்தக் கால டிவிஎஸ் 50-க்குப் பெட்ரோலில் ஆயில் கலந்தது ஞாபகம் இருந்தால் இதுவும் பழகிவிடும். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி. இஞ்சினிலிருந்து டிராக்குக்குச் சக்தியைக் கொண்டுபோவது ஒரு ரப்பர் பெல்ட். அது காட்டுக்குள் அறுந்தால் நடைதான். உபரி பெல்ட் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே ஸ்லெட்டை, அதாவது பின்னால் இழுத்துப்போகும் சறுக்குத் தட்டை மாட்டி, விறகை ஏற்றி, இழுக்கப் பார்ப்பார்கள். இழுக்காது. முதல் நாள் வேலை பாதை போடுவது மட்டும்தான். வெறும் வண்டியில் ஒரு தடவை போய், அதே தடத்தில் திரும்பி, பக்கவாட்டில் கொஞ்சம் அகலப்படுத்தி மறுபடியும் மிதித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். மிதிபட்ட பனியில் துகளோடு துகள் ஒட்டி, ராத்திரிக் குளிரில் தளம் போட்ட கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். காலையில் அதன்மேல் நடந்து பாருங்கள், கால் புதையாது. ஓரத்தில் ஓரடி தள்ளி வைத்தால் தொடை வரை போகும். திருப்பங்களைத் தாராளமாக வளைத்துப் போடுங்கள், பின்னால் வரும் ஸ்லெட் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தக் கூடாது. மேலே ஏறி முடித்தோ, இறக்கத்திலோ நிறுத்தினால்தான் மறுபடி கிளம்பும்.

புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தாதீர்கள். டிராக் தனக்குத்தானே குழி தோண்டும். இஞ்சினை அணைத்து இறங்கி, முன்னால் உள்ள பனியை மிதித்து இறுக்கி, வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, டிராக்குக்கு அடியில் கிளைகளைச் செருகுங்கள். அப்புறம் மெதுவாக எடுத்தால் வந்துவிடும்.

பாரம் எவ்வளவு ஏற்றலாம்? அங்கே விறகுக்குக் கார்டு என்று ஓர் அளவு, 4 அடிக்கு 4 அடிக்கு 8 அடி, 128 கன அடி. மேப்பிள் மரம் பச்சையாக ஒரு கார்டு சுமார் இரண்டு டன் வரும். ஆகவே பல நடையாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நீளக் கட்டையாக இருந்தால் அடிப்பக்கத்தை ஸ்லெட்டில் ஏற்றி நுனியைத் தரையில் இழுபட விடுங்கள், இறக்கத்தில் அதுவே பிரேக். ஸ்லெட்டைக் கயிற்றில் கட்டவே வேண்டாம். இறக்கத்தில் கயிறு தொய்ந்து, ஏற்றிய மரமெல்லாம் உங்கள் முதுகைத் தேடி வரும். விறைப்பான இரும்புக் கம்பி இணைப்புதான் சரி.

குறுக்கு வழி என்று ஏரிமேல் போவார்கள். தெளிந்த நீல ஐஸாக இருந்தால் வண்டிக்குக் குறைந்தது 20 செ.மீ. தடிமன் வேண்டும். வெள்ளை ஐஸுக்குப் பாதி பலம்தான், அதற்கு இரட்டிப்பு. ஓடை வந்து சேரும் இடத்தை எந்த மாதத்திலும் நம்பாதீர்கள்.

உடுப்பில் நம் ஆட்கள் ஒன்றைக் கேட்கவே மாட்டார்கள்: உள்ளே பருத்தி பனியன் கூடாது. செயின்சா பிடித்தால் மைனஸ் 20-லும் வேர்க்கும். நனைந்த பருத்தி காயாது, கை ஓய்ந்ததும் உடம்பை நடுக்கிவிடும். கம்பளி உள்ளாடை நனைந்தாலும் கதகதப்பு தரும்.

சொந்த நிலத்துக்கு வெளியே ஓட்ட வண்டிக்குப் பதிவு, இன்சூரன்ஸ், உங்களுக்கு லைசென்ஸ், தலைக்கு ஹெல்மெட் வேண்டும். அரசு நிலத்தில் விறகு வெட்டுவதற்கான விதிகளைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலையில் வண்டியை இரண்டு கட்டைகள்மேல் ஏற்றி நிறுத்துங்கள், இல்லாவிட்டால் டிராக் தரையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். காட்டுக்குள் பல இடங்களில் போனுக்கு சிக்னல் கிடையாது. எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சொல்லிவிட்டு, பனியில் கால் புதையாமல் நடந்து வர, காலில் மாட்டும் அகலமான ஸ்னோஷூ ஒரு ஜோடியையும் வண்டியில் கட்டிக்கொள்ளுங்கள்.