கிராபிக்ஸ் டிரைவர் அப்டேட்: போடலாமா, விடலாமா?

திரையின் மூலையில் ‘புதிய டிரைவர் தயார்’ என்று அறிவிப்பு வந்ததும் கை தானாக அதை அழுத்தப் போகும். கொஞ்சம் பொறுங்கள். டிரைவர் என்பது கிராபிக்ஸ் சிப்பை விண்டோஸோடு பேசவைக்கும் சாப்ட்வேர். கேம் சீராக ஓடிக்கொண்டிருக்கிற லேப்டாப்புக்குப் புதிய டிரைவர் பெரும்பாலும் தேவைப்படாது. ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். டிரைவர் பைல் கிட்டத்தட்ட முக்கால் ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஓட்டும் வீட்டில் அன்றைய டேட்டாவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். கோளாறாகிப்போனால் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போய்வர ஒரு நாள் பிடிக்கும். ஆகவே இரண்டே கேள்விகள்: அப்டேட் போடக் காரணம் இருக்கிறதா? பழையதற்குத் திரும்ப வழி கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் ‘ஆமாம்’ என்றால் மட்டும் போடுங்கள்.

கோளாறு டிரைவரில்தானா?

கேம் திக்கித் திணறினால் உடனே டிரைவர் மேல் பழி விழுகிறது. இந்தக் கரையில் முதல் சந்தேகம் சூட்டின் மேல்தான் விழ வேண்டும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஆடிக்காற்றில் வரும் நுண்மணலும் உப்பு ஈரமும் சேர்ந்து பேன் இறக்கையிலும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இடுக்கிலும் அப்பிக்கொள்ளும். காய்ந்த தூசி ஊதினால் பறந்துவிடும். உப்பீரம் ஏறிய தூசி பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும், மென்மையான பிரஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். அப்படி எடுக்கும்போது லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். பேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஊதும் காற்றில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

சோதித்துப் பார்க்கத் தனி சாப்ட்வேர் வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் பெர்பார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியுவை, அதாவது தனி கிராபிக்ஸ் சிப்பை, அழுத்தினால் வெப்பநிலை தெரியும். சார்ஜரைச் செருகியபடி இருபது நிமிடம் ஆடுங்கள். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, வெப்பநிலை 85 டிகிரியைத் தாண்டியபின் எப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) சரிந்தால் அது சூடு. எப்பிஎஸ் அசையாமல் இருந்து பிங் (சர்வர் பதில் தர எடுக்கும் நேரம்) மட்டும் எகிறினால் நெட்வொர்க். மழை நாளில் ஹாட்ஸ்பாட்டில் வேலரண்ட் ஆடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. சார்ஜர் இல்லாதபோது மட்டும் மெதுவானால் அது லேப்டாப்பின் இயல்பு, கோளாறு அல்ல. லேப்டாப்பைப் போட்டவுடன் வரும் கம்பெனி லோகோவிலோ பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை சாப்ட்வேர்) திரையிலோ கோடும் புள்ளியும் தெரிந்தால் அது ஹார்டுவேர்; அந்த நேரத்தில் விண்டோஸ் டிரைவர் இன்னும் ஏறியே இருக்காது. இந்த நான்கிலும் புது டிரைவர் ஒன்றும் செய்யாது.

டிரைவர்தான் காரணம் என்றால் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். திரை ஓரிரு நொடி கறுத்துத் திரும்ப வரும், கேம் மூடிக்கொள்ளும். ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் 4101 என்ற எண்ணுடன் ‘டிஸ்ப்ளே டிரைவர் பதில் தரவில்லை, மீண்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். ஜிபியு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டுத் தொடங்குகிறது, அதன் பதிவுதான் இது. ஆனால் ஓவர்கிளாக் செய்து வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும், சூடு மிஞ்சினாலும் இதே எண்தான் வரும். சமீபத்தில் டிரைவர் மாறிய பிறகு தொடங்கியதா என்பதைப் பார்த்தால்தான் தெளியும். டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் கார்டின் மேல் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், டிரைவர் என்று போனால் தேதி இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போவதும் உண்டு.

எது நல்ல காரணம்?

நீங்கள் ஆடப்போகும் புது கேம் குறிப்பிட்ட பதிப்புக்குக் கீழ் திறக்கவே மாட்டேன் என்கிறது. அல்லது உங்களுக்கு இருக்கும் அதே கோளாறு புது டிரைவரின் ரிலீஸ் நோட்ஸில் (பதிப்போடு வரும் குறிப்பு) ‘பிக்ஸ்டு இஷ்யூஸ்’ (சரிசெய்தவை) பகுதியில் வந்திருக்கிறது. அல்லது பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. இவை மூன்றும் நல்ல காரணங்கள். ‘எப்பிஎஸ் ஏறும் என்று யாரோ வீடியோவில் சொன்னார்’ என்பது காரணமே அல்ல; பழைய கேமில் பெரும்பாலும் எதுவும் ஏறாது.

ரிலீஸ் நோட்ஸில் ‘ஓப்பன் இஷ்யூஸ்’ என்ற பகுதியையும் படியுங்கள். நிறுவனமே ஒத்துக்கொண்டு இன்னும் சரிசெய்யாதவை அங்கே இருக்கும். உங்கள் கேமின் பெயர் அதில் இருந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடுங்கள்.

வெளியான அன்றே போடுவதும் வேண்டாம். பத்து நாள் போகட்டும். 2010 மார்ச்சில் கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா தன் 196.75 டிரைவரைத் திரும்பப் பெற்றது. பேன் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில் அதில் பிழை இருந்தது, கார்டுகள் சூடேறின. 2025 ஏப்ரலில் 576.02 வந்தபோது, லேப்டாப் ஸ்லீப்பிலிருந்து எழுந்தபின் ஜிபியு வெப்பநிலையைக் கண்காணிப்பு சாப்ட்வேர்கள் சரியாகக் காட்டாமல் போயின, 576.15 என்ற ஹாட்பிக்ஸில் (அவசரத் திருத்தம்) அது சரியானது. கடலோரப் புழுக்கத்தில் வெப்பநிலையைப் பார்த்துத்தான் ஆட்டத்தை நிறுத்துகிறோம் என்பதால் இந்த வகைப் பிழை நமக்குச் சின்ன விஷயமல்ல.

உங்கள் கார்டு எது என்பதும் முடிவை மாற்றும். செகண்ட்ஹேண்டில் வாங்கிய, என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050, 1060 லேப்டாப் என்றால் 580 வரிசைதான் கடைசி. 2025 அக்டோபரோடு அவற்றுக்கு கேம் ரெடி டிரைவர் (புது கேம்களுக்கென வருவது) நின்றது; பாதுகாப்பு அப்டேட் மட்டும் மூன்று மாதத்துக்கொரு முறை 2028 அக்டோபர் வரை என்று என்விடியா அறிவித்திருக்கிறது. இவர்கள் பாதுகாப்பு அப்டேட் வரும்போது போட்டால் போதும். ஜிடிஎக்ஸ் 1650 பெயரில் ஒரே மாதிரி இருந்தாலும் அடுத்த தலைமுறை; அதற்கு இந்த நிறுத்தம் பொருந்தாது.

இப்போது எந்தப் பதிப்பு இருக்கிறது?

டிவைஸ் மேனேஜர் 32.0.15.6636 என்பது போல நீளமாகக் காட்டும். என்விடியா என்றால் கடைசி ஐந்து இலக்கங்களை மட்டும் எடுங்கள்: 5, 6, 6, 3, 6. மூன்றாவது இலக்கத்துக்குப் பின் புள்ளி வைத்தால் 566.36. 2024 டிசம்பரில் வந்த இந்தப் பதிப்புக்குத்தான், 2025 தொடக்கத்தில் 572 வரிசையில் திரை கறுக்கும் தொல்லை பட்டவர்கள் பலர் திரும்பினார்கள். உங்கள் எண்ணை ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் வையுங்கள். திரை கறுத்துக் கிடக்கும்போது தேட முடியாது.

போடும் முன்

முதல் வேலை, இப்போது நன்றாக ஓடும் அதே பதிப்பின் இன்ஸ்டாலரை இறக்கி லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் வைப்பது. என்விடியா தளத்தில் பழைய பதிப்புகளைத் தேடி எடுக்கலாம். தேர்வு செய்யும்போது ‘நோட்புக்ஸ்’ என்று முடியும் வரிசையையே எடுங்கள். முக்கால் ஜிபி கூடுதல் செலவுதான், ஆனால் கோளாறான இரவில் சிக்னல் இல்லாமல் நிற்பதைவிட மேல்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருப்பதை மறக்க வேண்டாம். பிராசஸருக்குள் இருக்கும் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸின் டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே எடுப்பது நல்லது. பிரைட்னஸ் கீ, ஸ்லீப், திரை மாறுவது எல்லாம் அதோடு பின்னியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது கெடுத்தது என்று பிறகு தெரியாது.

பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) சாவி அடுத்தது. இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சேஃப் மோடுக்கு (அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலை) போகும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அந்தச் சாவி, லேப்டாப்பை முதலில் அமைத்தவரின் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். கீழக்கரை, தொண்டி வீடுகளில் துபாயிலிருந்தோ சவூதியிலிருந்தோ அண்ணனோ மச்சானோ வாங்கி, தன் கணக்கில் அமைத்துக் கொண்டுவந்த லேப்டாப்கள் நிறைய. அப்படியானால் சாவி அவர் கணக்கில்தான் கிடக்கும். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் போன் போட்டுத் தவிப்பதற்குப் பதில், முன்னதாகவே கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். கணக்கின் பாஸ்வேர்டும் வேண்டும். சேஃப் மோடில் பின் (PIN) எண் சில நேரம் ஏற்காது.

விண்டோஸை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் ஒரு ரெஸ்டோர் பாயின்ட் உருவாக்குங்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும், பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப் என்றால் இன்வெர்ட்டர் இணைப்பில் மட்டும் செய்யுங்கள். பாதியில் கரண்ட் போனால் டிரைவர் அரைகுறையாக நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

போடும்போது

கேம், லாஞ்சர், ஸ்கிரீன் ரெக்கார்டர் எல்லாவற்றையும் மூடுங்கள். இன்ஸ்டாலரில் ‘கஸ்டம்’ தேர்ந்தெடுங்கள். எல்லாம் சரியாக ஓடும் லேப்டாப்பில் ‘கிளீன் இன்ஸ்டலேஷன்’ டிக் தேவையில்லை. உங்கள் செட்டிங்ஸ் அழிந்துவிடும். கோளாறைச் சரிசெய்யப் போடுகிறீர்கள் என்றால் அந்த டிக்கைப் போடுங்கள். நடுவில் திரை சில தடவை கறுத்து வரும், பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் கறுப்பாகவே நின்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கிராபிக்ஸ் மட்டும் மீண்டும் தொடங்கும். முடிந்ததும் ஒரு தடவை ரீஸ்டார்ட்.

முதல் ஆட்டத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். டிரைவர் மாறினால் ஷேடர் கேஷ் (கேம் காட்சியை வரையும் நிரல்களின் சேமிப்பு) புதிதாகக் கட்டப்படும். அது வரை கேம் திக்கும். அதே கேம், அதே செட்டிங், அதே இடம் என்று இரண்டாவது, மூன்றாவது ஆட்டத்தில் பாருங்கள். பிறகு மூடியை மூடி ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், டிவியில் எச்டிஎம்ஐ செருகுங்கள், பிரைட்னஸ் கீயை அழுத்துங்கள். கேம் நன்றாக ஓடி இவற்றில் ஒன்று கெடுவதும் உண்டு.

பழையதற்குத் திரும்ப

முதலில் சுலபமான வழி: டிவைஸ் மேனேஜரில் அதே டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’. பொத்தான் மங்கிக் கிடந்தால் பழையது சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது சேமித்து வைத்த இன்ஸ்டாலரை ‘கிளீன் இன்ஸ்டலேஷன்’ டிக்கோடு ஓட்டுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

இதுவும் பலிக்காவிட்டால் டிரைவரை முழுதாகத் துடைக்கும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு. அதை இறக்கி வைத்ததும் நெட்டைத் துண்டியுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அழித்த கையோடு விண்டோஸ் தனக்குப் பிடித்த ஒன்றை இறக்கிவிடும். ஷிப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4 (சேஃப் மோட்). டிடியுவில் என்விடியாவை மட்டும் தேர்ந்தெடுங்கள், இன்டெலையோ ஏஎம்டியையோ சேர்த்துத் துடைக்க வேண்டாம். ‘கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்’ முடிந்ததும் நெட் இல்லாமலே பழைய இன்ஸ்டாலரைப் போடுங்கள்.

கடைசியாக, விண்டோஸ் மறுபடி மாற்றாமல் தடுக்க வேண்டும். நெட்டை இணைக்கும் முன்பே டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸில் ‘நோ’ வையுங்கள். விண்டோஸ் புரோ பதிப்பில் குரூப் பாலிசியில் டிரைவர்களை அப்டேட்டில் சேர்க்க வேண்டாம் என்ற தேர்வும் உண்டு. நெட் வந்ததும் விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள். அந்த வாரம் முடிந்த அன்று டிவைஸ் மேனேஜரைத் திறந்து, தாளில் எழுதிய எண்ணும் திரையில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள்.