ரீஃபர்பிஷ்டு லேப்டாப்: காசைக் கொடுக்கும் முன்

புது மாடல் வந்தால் பழையதின் விலை இறங்கும். லீஸ் முடிந்து கம்பெனிகள் கழித்துவிட்ட லேப்டாப்புகளும், சரிபார்த்து மறுபடி விற்கும் 'ரீஃபர்பிஷ்டு' சரக்காக, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களுக்கு வந்து சேரும். வாங்க நல்ல நேரம்தான். ஆனால் என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளில் பலர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். கீறல், கீபோர்டு எல்லாம் அவர்களே பார்த்துவிடுகிறார்கள். கோட்டை விடுவது வேறு இடங்களில்.

ஐ7 என்றதும் மயங்குவது

ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் ப்ராசஸர் வரிசைகளின் பெயர்கள்தான். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஆறாம் தலைமுறை ஐ7-6600யூ-வில் இரண்டே கோர் (வேலை செய்யும் மூளைப் பகுதி). எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ-வில் நான்கு. முன்னதை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது.

கம்பெனிப் பூட்டைப் பார்க்காமல் வாங்குவது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதில்தான். கல்லூரி மாணவி ஒருத்தி, அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த பணத்தில் எம்1 மேக்புக் ஏர் வாங்கினாள். சில மாதம் நன்றாகவே ஓடியது. ஒருநாள் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாள். வைஃபை இணைந்ததும், முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு 'ரிமோட் மேனேஜ்மென்ட்' திரை வந்து நின்றது. விற்றவர் அந்தத் திரையை எப்படியோ தாண்டிக் கொடுத்திருக்கிறார். இப்போது ஃபோனை எடுக்கவில்லை.

இது திரும்பத் திரும்ப அழித்தாலும் போகாது. அந்த மேக்கின் சீரியல் எண் நிறுவனத்தின் பெயரில் ஆப்பிளிடம் பதிவாகியிருக்கிறது. அந்த நிறுவனம்தான் விடுவிக்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பிலும் ஆட்டோபைலட் என்று இதே ஏற்பாடு உண்டு. அது மதர்போர்டைப் பார்த்து அடையாளம் காண்பதால் ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியை மாற்றியும் பயனில்லை.

அதனால் கடையிலேயே முழுக்க ரீசெட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் செட்டப்பை உங்கள் கையாலேயே முடியுங்கள். "ஓஎஸ் எல்லாம் போட்டாச்சு சார், அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸுக்குள்ளும் போய், பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறது லெனோவோ.

பேட்டரியை மறப்பது

விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். கொள்ளளவு பாதிக்கு இறங்கியிருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

ரேமை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்பது

எம்1 மேக்புக்கில் முடியாது.

பில் இல்லாமல் வாங்குவது

வேண்டவே வேண்டாம்.