ஆங்கில வினையும் அதனோடு வரும் சிறுசொல்லும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஐ ஆம் இன் லீவ் டுடே' என்று அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புபவருக்கு ஆங்கில இலக்கணமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 'லீவில் இருக்கிறேன்' என்ற தொடரில் உள்ள 'இல்' உருபுக்கு நேராக அவர் 'இன்' என்பதை வைத்திருக்கிறார். ஓசையும் ஏறக்குறைய ஒத்துப்போவதால் அவருக்கு ஐயம் எழவில்லை. ஆங்கிலத்தில் அது 'ஆன் லீவ்'. பெயருக்கு முன் வரும் 'இன்', 'ஆன்' போன்ற ப்ரிபோசிஷனிலும், வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து தனிப்பொருள் தரும் ஃப்ரேசல் வெர்பிலும் தமிழர் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி, ஒவ்வொரு வேற்றுமை உருபுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் உண்டு என்று மனத்துக்குள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு எழுதுவதால் வருவது.

'இல்' உருபே இதற்குச் சிறந்த சான்று. மேசையில் புத்தகம், பெட்டியில் சட்டை, வாசலில் ஆள் என்று மூன்றுக்கும் நாம் ஒரே உருபைப் போடுகிறோம். ஆங்கிலமோ முதலாவதற்கு 'ஆன்', இரண்டாவதற்கு 'இன்', மூன்றாவதற்கு 'அட்' என்று பிரித்துக்கொள்கிறது. வண்டிகளிலும் இந்தப் பிரிவினை உண்டு. எழுந்து நின்று நடமாடக்கூடிய பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் 'ஆன்' வரும். குனிந்து நுழைந்து உட்காரும் காருக்கும் ஆட்டோவுக்கும் 'இன்' வரும். மேலே அமர்ந்து ஓட்டுவதால் சைக்கிளுக்கும் பைக்குக்கும் 'ஆன்' வரும். ஏறுவதும் இறங்குவதும் இதே வழியில்தான் போகும்: பேருந்தில் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்', காரில் 'கெட் இன்', 'கெட் அவுட்'. நம்மிடையே வேரூன்றிவிட்ட 'கெட் டவுன் ஃப்ரம் த பஸ்' என்பது 'பஸ்ஸிலிருந்து இறங்கு' என்பதன் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. பேருந்துக்குள் அதற்குப் பொருள் புரிந்துவிடும் என்றாலும், எழுத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

'மேல்' என்ற சொல்லும் இதே போல் வழி தவறச் செய்யும். 'என் மேல் கோபம்' என்பது 'ஆங்ரி ஆன் மீ' ஆகிவிடுகிறது. சரியான வழக்கு 'ஆங்ரி வித் மீ'. 'அவர் மேல் நம்பிக்கை' என்பதற்கு 'கான்ஃபிடன்ஸ் இன் ஹிம்' என்றுதான் சொல்ல வேண்டும். இரக்கத்துக்கு மட்டும் 'டேக் பிட்டி ஆன் மீ' என்று ஆங்கிலமும் 'ஆன்' போடுகிறது. இங்கே தமிழ் வழி தற்செயலாகப் பொருந்திவிடுகிறது, அவ்வளவே. கணக்கில் கெட்டிக்காரரும் 'குட் அட் மேத்ஸ்' தான்; அங்கே 'இன்' பொருந்தாது.

வேண்டாத இடத்தில் ப்ரிபோசிஷனைச் சேர்ப்பது இன்னொரு வகைப் பிழை. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களிடமும் இது காணப்படுவதால் சற்று விரிவாகவே பார்க்கலாம். ஓர் அலுவலகக் கடிதத்தில் வரக்கூடிய வரி இது: 'வீ டிஸ்கஸ்டு அபவுட் த டிலே, அண்ட் த மேனேஜர் எம்ஃபசைஸ்டு ஆன் குவாலிட்டி.' ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் உள்ளன. 'டிஸ்கஸ்', 'எம்ஃபசைஸ்' இரண்டும் தமக்குரிய செயப்படுபொருளை நேரடியாகவே ஏற்கும் வினைகள் என்பதால், 'டிஸ்கஸ்டு த டிலே', 'எம்ஃபசைஸ்டு குவாலிட்டி' என்பதோடு நின்றுவிட வேண்டும். இங்கே தமிழின் 'பற்றி' மட்டும் குற்றவாளி அன்று. இவற்றின் பெயர்ச்சொற்கள் ப்ரிபோசிஷனை ஏற்பவை: 'டிஸ்கஷன் அபவுட் த டிலே' சரி, 'எம்ஃபசிஸ் ஆன் குவாலிட்டி' சரி. பெயருக்கு உரியதை வினைக்கும் நாம் ஒட்டிவிடுகிறோம். 'ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பது விடுப்பு விண்ணப்பத்தின் தலைப்பாக வரும்போது பிழையே இல்லை; 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று அதை வினையாக்கும்போது 'ஃபார்' மிகை. 'ஆன்சர் டு த கொஸ்டின்' என்பது கேள்விக்கான விடை. கேள்விக்கு விடை சொல்வது 'ஆன்சர் த கொஸ்டின்'. 'மேரேஜ்', 'என்ட்ரி', 'டிமாண்ட்' ஆகியவற்றையும் இதே வகையில் சோதித்துப் பார்க்கலாம். 'அவரோடு திருமணம்' என்ற நினைவில் எழும் 'மேரி வித்' தவறு. 'மேரி ஹிம்' என்று நேராகச் சொல்லலாம், அல்லது 'மேரிட் டு ஹிம்' என்று சொல்லலாம்.

சமாளிப்பதைக் குறிக்கப் பிழையாக எழுதப்படும் 'கோப் அப் வித்' என்பதில் உள்ள 'அப்' வந்த வழி வேறு. 'கீப் அப் வித்', 'கேட்ச் அப் வித்' ஆகியவற்றின் ஓசை காதில் தங்கி, 'கோப் வித்' என்ற எளிய தொடரிலும் நுழைந்துவிட்டது. 'ரிட்டர்ன் பேக்' என்பதில் 'பேக்' தேவையற்ற இரட்டிப்பு.

வேண்டிய இடத்தில் விட்டுவிடுவதும் உண்டு. 'பாட்டு கேள்' என்பதில் உருபு ஏதும் வெளிப்படையாக இல்லாததால் 'லிசன் மியூசிக்' என்கிறோம். 'லிசன் டு' என்பதே முறை. 'எனக்கு விளக்குங்கள்' என்பது 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஆகாது. 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்று வர வேண்டும். 'என்னிடம் சொன்னார்' என்பதற்கு 'செட் டு மீ', 'டோல்டு மீ' இரண்டும் சரி, 'டோல்டு டு மீ' மட்டும் தவறு.

கடிதத்தின் கடைசி வரியில் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு: 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ.' இங்குள்ள 'டு' வினையின் முன்னே வரும் 'டு' அன்று, அது ப்ரிபோசிஷன். அதன் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்: 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்' என்பது இயல்பாக நிற்கிறது. ஆகவே வினை வந்தாலும் அது பெயர்த்தன்மை பெற்று 'மீட்டிங் யூ' என்றே வர வேண்டும். அதிகாலையில் எழுந்து பழகிவிட்டவர் 'ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அர்லி' என்பார். முன்பெல்லாம் எழுவேன், இப்போது இல்லை என்பவர் 'ஐ யூஸ்டு டு வேக் அர்லி' என்பார்.

ஃப்ரேசல் வெர்ப் இவற்றையெல்லாம் விடக் கடினமானது. 1755இல் வெளியான தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன், வினையோடு ஒரு சிறுசொல் சேர்ந்து பொருள் மாறும் இவ்வகைச் சேர்க்கைகள்தாம் அயல்நாட்டாருக்குப் பேரிடர் தருபவை என்று குறித்திருக்கிறார். ஆனால் இந்த அமைப்பு தமிழருக்கு முற்றிலும் புதியது அன்று. 'கைவிடு', 'தலையிடு' ஆகியவற்றில் கையையும் தலையையும் தேடுபவர் எவரும் இல்லை. 'கிவ் அப்' என்பதில் மட்டும் கொடுப்பதையும் மேலே என்பதையும் ஏன் தேட வேண்டும்? முழுத் தொடரையும் ஒரே சொல்லாக ஏற்பதே வழி.

சிறுசொல் ஒன்றே என்பதால் பொருளும் ஒன்றே என்று கொள்வது ஆபத்தானது. 'த வெட்டிங் வாஸ் புட் ஆஃப்' என்றால் கல்யாணம் தள்ளிப்போயிருக்கிறது. 'கால்டு ஆஃப்' என்றால் கல்யாணம் நின்றுபோய்விட்டது. இரண்டிலும் 'ஆஃப்' தான் இருக்கிறது, ஆனால் விசாரிக்கப் போகிறவர் பேச வேண்டிய பேச்சு முற்றிலும் வேறு. நம் நாட்டில் வேறு பொருள் பெற்றுவிட்ட தொடர்களும் உண்டு. 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று விண்ணப்பத்தில் எழுதினால், வெளிநாட்டில் அதைப் படிப்பவர் இவர் அந்த ஆண்டு மயங்கி விழுந்தார் என்றே புரிந்துகொள்ளக்கூடும். ராணுவப் பயிற்சியை முடிப்பதைப் பிரிட்டிஷ் ஆங்கிலமும் இவ்வாறு சொல்லும் என்பதும், சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடைபெறும் 'பாசிங் அவுட் பரேடு' அந்த வழக்குதான் என்பதும் உண்மையே. எனினும் கல்லூரிப் படிப்புக்கு 'கிராஜுவேட்டட்' என்பதே பாதுகாப்பானது.

காலத்தைக் குறிக்கும் இடத்தில் தமிழ் ஓரளவு கைகொடுக்கிறது. 'வெள்ளிக்கிழமை வரை' என்றால் 'அன்டில்', 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை'. இந்த வேறுபாட்டைத் தமிழில் ஒருபோதும் குழப்பாதவர்கள், ஆங்கிலத்தில் 'சப்மிட் டில் ஃப்ரைடே' என்றும் 'வித்தின் ஃப்ரைடே' என்றும் எழுதுவது வியப்பளிக்கிறது. 'வித்தின்' பொதுவாகக் கால அளவோடு வரும்: 'வித்தின் டூ டேஸ்'. 'இரண்டு வருடமாக' என்பதற்கு 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்பதும் பிழை. அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்'.

இறுதியாகச் சொற்களின் இடம். 'டர்ன் ஆஃப் த லைட்', 'டர்ன் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்' என்ற பிரதிப்பெயர் வந்துவிட்டால் 'டர்ன் இட் ஆஃப்' ஒன்றுதான் சரி. 'லுக் ஆஃப்டர் இட்' என்பதை இப்படிப் பிரிக்க இயலாது. எது பிரியும், எது பிரியாது என்பதைக் கற்போருக்கான ஆங்கில அகராதிகள் பலவும் தலைச்சொல்லிலேயே காட்டிவிடுகின்றன. 'புட் சம்திங் ஆஃப்' என்று நடுவே 'சம்திங்' நின்றால் அந்தத் தொடரைப் பிரிக்கலாம். 'லுக் ஆஃப்டர் சம்படி' என்று பெயர் கடைசியில் மட்டுமே நின்றால் பிரிக்கக் கூடாது. குறிப்பேட்டில் எழுதிவைப்பவர்கள் வினையை மட்டும் எழுதாமல், அந்த 'சம்திங்', 'சம்படி' நிற்கும் இடத்தோடு முழுமையாக எழுதிக்கொள்வது நல்லது.