பட்டாணிப் பசுங்கணிகத்துக்குள் புரதம் போகிறதா என்று பார்ப்பது எப்படி?

உங்கள் புரதம் பசுங்கணிகத்துக்குள் போகும் என்று கணினி சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள், பட்டாணியில் செய்தே பார்த்துவிடலாம். முதல் தடவைக்கு ரூபிஸ்கோவின் (ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி) சிறு துணை அலகை எடுங்கள். அதன் முன்னோடி, அதாவது உள்ளே போகும் முன் இருக்கும் முழு நீள வடிவம், சுமார் 20 கிலோடால்டன் (புரத எடையின் அலகு). உள்ளே நுழைந்ததும் முன்முனையில் வழிகாட்டும் துண்டான ட்ரான்சிட் பெப்டைடு வெட்டுப்பட்டு 14 ஆகிவிடும். புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் இந்த இறக்கம் பளிச்சென்று தெரியும்.

ஜெல்லில் அடையாளம் தெரியக் கதிரியக்க மெத்தியோனின் (ஓர் அமினோ அமிலம்) போட்டு, கோதுமை முளைச் சாற்றில் முன்னோடியைத் தயாரிப்பது தெரிந்திருக்கும், விடுகிறேன்.

படி 1: எட்டுப் பத்து நாள் பட்டாணி நாற்று. அராபிடாப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியிலும் செய்யலாம், ஆனால் கைப்பிடி இலைக்குத் தட்டுத் தட்டாக வளர்க்க வேண்டும், ஆரம்பத்தில் வேண்டாம்.

படி 2: இருட்டு. மூன்று வாரம் நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து இலை பறிப்பேன், பெர்காலில் (அடர்த்தி வாரியாகப் பிரிக்க உதவும் கரைசல்) பச்சை முழுக்க உடைந்து மேலேயே நிற்கும், அரைப்பதில்தான் கோளாறு என்று மிக்ஸி பிளேடைக்கூட மாற்றினேன். கடைசியில் பார்த்தால் மாவுச்சத்து! வெளிச்சத்தில் நின்ற இலையில் சேர்ந்த மாவு மணிகள், சென்ட்ரிஃபியூஜில் சுற்றும்போது உறையைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். இப்போது இரவு முழுக்க இருட்டில் வைத்து, விளக்குப் போடும் முன்பே பறித்துவிடுகிறேன்.

படி 3: ஐஸ் குளிரில், 330 மில்லிமோலார் சார்பிட்டால் கரைசலில் இரண்டு மூன்று விநாடி அரைத்து, வடிகட்டி, 40, 80 சதவீதப் பெர்கால் அடுக்கின் மேல் ஊற்றிச் சுற்றுங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் உடையாதது. பைப்பெட் நுனியை வெட்டிவிட்டு உறிஞ்சுங்கள்.

படி 4: முன்னோடியையும் சில மில்லிமோலார் ஏடிபியையும் (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) சேர்த்து 25 டிகிரியில் 15 நிமிடம். இன்னொரு குழாயை ஏடிபி குறைத்து ஐஸிலேயே வையுங்கள், அதில் முன்னோடி வெளியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

படி 5: தெர்மோலைசின், புரதத்தை வெட்டும் நொதி. வெளியே ஒட்டியதை அது தின்றுவிடும், வெளிச்சவ்வைத் தாண்டாது. டிரிப்சின் என்ற இன்னொரு வெட்டும் நொதி தாண்டிவிடும், அதனால் இங்கே எனக்குப் பிடிக்காது. 14 பட்டை மட்டும் தப்பியிருந்தால், சரி, உள்ளே போயிருக்கிறது.

பின்சேர்ப்பு: தெர்மோலைசின் போட்டும் 20 பட்டை போகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். அரைத்த கரைசலிலேயே கழுவியிருக்கிறார்கள், அதில் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தெர்மோலைசினுக்குக் கால்சியம் வேண்டும், ஈடிடிஏ அதைப் பிடித்துக்கொள்ளும். ஈடிடிஏ இல்லாத கரைசலில் கழுவி, கால்சியம் குளோரைடு சேருங்கள். அப்புறம் வெட்டுவதை நிறுத்தும்போது ஈடிடிஏவை மறக்காதீர்கள், இந்த நொதி சூட்டுக்கு அஞ்சாது, ஜெல்லுக்காகக் கொதிக்க வைக்கும்போதும் வெட்டிக்கொண்டே இருக்கும்.